இடக்கை

அருமைநாயகத்தை நான் முதலில் கண்டது மேடையில் இல்லை.
தொண்ணூற்றியாறு பெப்ரவரி, டொரோண்டோ நகர நடுவில்
சன்னல் இல்லாத ஒரு விசாரணை அறை.
எனக்கும் அதிகாரிக்கும் இடையில் சாம்பல் நிறக் கோட்டில் இருந்தார்.
நான் "நான்" என்றேன்.
அவரும் "நான்" என்றார், ஆங்கிலத்தில்.
என் தம்பியைத் தன் தம்பி என்றார்.
நான் அழுத இடத்தில் அவர் அழவில்லை.
வசனத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, காத்திருந்தார்.
கல்நெஞ்சன் என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஸ்கார்பரோவில்
பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு ராசா தடுக்கி விழுந்தான்.
முடி உருண்டு
முன்வரிசைக் குழந்தையின் காலடிக்குப் போனது.
அங்கியின் கீழே பனிச் சப்பாத்து.
குரல் அந்த அறையில் கேட்ட அதே குரல்;
யாரோ கட்டை அவிழ்த்து விட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம்
பக்கத் திரைக்குள் நின்று
வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை.
அவருக்கு அல்ல, மற்றவர்களுக்கு.

கள்ளன், கங்காணி, மழைக்குக் காத்திருக்கும் மரம்,
ஒரு முழுக் காட்சியும் பேசாத பிணம்.
பிணத்துக்குத்தான் மூன்று கிழமை ஒத்திகை.
நீதவானாக வரவேண்டிய பொன்னுக்கோன்
ஓவர்டைம் என்று வராமல் விட்ட இரவில்
நீதவானும் அவரே, கைதியும் அவரே,
இரண்டு கதிரைக்கும் நடுவே ஓடி ஓடித்
தனக்குத் தானே பிணை மறுத்தார்.
சனம் சிரித்தது. பிறகு சிரிக்காமல் விட்டது.
எண்ணினேன்: அறுபத்திரண்டு பேர்,
ரோல்ஸ் விற்றவரையும் சேர்த்து.

நெறியாளராக அவர் கொடுமை.
"குரலை விடு. கை என்ன செய்யுது?"
வங்கியில் வேலை செய்யும் தர்ஷிகாவுக்கும் அதே கேள்வி,
பீட்சா மணக்க மணக்க வந்து சேரும் நிமலனுக்கும்.
பத்தரைக்குக் காவலாளி திறப்புக் கோர்வையைக் குலுக்குவார்.
கார் நிறுத்துமிடத்தில், மைனஸ் பதினெட்டில்,
மூன்றாம் அங்கம் தொடரும்.

பகலில் பழையபடி அந்த அறை.
ஒரு நாளில் மூன்று பேரின் "நான்".
கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம்.
சொன்னதுமில்லை.
"வந்தால் முதல்ல குளிப்பார்,
பிறகுதான் கதை" என்பாள் ஜெபமலர், அவர் மனைவி.

கடைசியாக ஒரு பகிடி நாடகம். அவர் கலியாணத் தரகர்.
மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள்.
வாய் அளந்துகொண்டே போகிறது.
கை கோட்டின் கடைசிப் பொத்தானைத் திருகுகிறது.
இரண்டு திருகு, ஒரு இழுப்பு.
விட்டுவிட்டு மறுபடியும்.
மண்டபம் குலுங்கியது.
என் மடியில் இருந்த பிரதியில் வரி தொலைந்து போனது.

அது என் கை.
தம்பியை எந்தச் சந்தியில் கடைசியாகக் கண்டேன் என்று
மூன்றாம் முறை கேட்டபோது
மேசைக்குக் கீழே அது செய்த வேலை.

அரிதாரம் துடைக்கிற நேரம் போய் நின்றேன்.
"சத்தியம் செய்தனீங்கள்."
கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:
"சத்தியத்துக்குத் தூக்கினது வலக்கை.
நான் திருகினது இடக்கையால."
பகிடி இல்லை. பாதி முகத்தில் மா இருந்தது.
எத்தனை வருஷமாய் அந்தக் கணக்கைப்
போட்டு வைத்திருந்தாரோ.

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் கடைசிக் காட்சி.
தரகர் அளந்தார். கை சும்மா தொங்கியது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
வசனம் மறந்தவர் மாதிரிப் பக்கத் திரையைப் பார்த்தார்,
முதல் தடவை.

எடுத்துக் கொடுக்கப் பிரதியில் அந்த இடத்தில்
ஒரு சொல்லும் இல்லை.
என் சுவெட்டரின் கடைசிப் பொத்தானைப் பிடித்தேன்,
வலக்கையால்.
இரண்டு திருகு, ஒரு இழுப்பு.

அங்கே வெளிச்சத்தில்
அவருடைய இடக்கை
மெதுவாக எழும்பியது.